ஒட்டிய மூலை

என் அண்ணனுக்குக் கடைவீதியில் ‘ஜவடால்’ என்று பெயர். வாயாலேயே சம்பாதித்த பெயர். சாவு விழுந்த வீடுகளில் பழைய ஸ்டாம்ப் ஆல்பங்களை வேண்டாவெறுப்பாகப் புரட்டிப் பார்த்து, அடிமாட்டு விலைக்கு வாங்கி வருவான். தேறுகிற ஒன்றிரண்டை ஆசைப்பட்டவர் தலையில் கட்டுவான். கிழிந்தது, மூலை போனது எல்லாம் எங்கள் கடைத் திரைக்குப் பின்னால் என் மேசைக்கு வரும். அதே காலத்து மலிவான ஸ்டாம்பிலிருந்து மூலையை வெட்டி ஒட்டி, கோடுகளை வரைந்து, ஓரத்துப் பற்களையும் சரிசெய்து கொடுப்பேன். பழுதே இல்லாதது என்று சொல்லி அவன் விற்பான். பித்தலாட்டம் என்று எனக்குத் தெரியாதா என்ன? தெரியும். ஆனால் ஒட்டு சுத்தமாக விழுந்துவிட்டால் எனக்கு ஒரு கிறுக்குச் சந்தோஷம்.

அன்று மத்தியானம் நான் சாப்பிட்டுக் கை கழுவிக்கொண்டிருந்தபோது கையுறைக்காரர் வந்தார். போன மாதம் எங்களிடம் ஒரு நீல ஸ்டாம்பை வாங்கிப் போனவர். எந்த வெயிலிலும் வெள்ளைத் துணிக் கையுறையைக் கழற்றமாட்டார். கூட வந்த ஆள் வாசலிலேயே நின்றுகொண்டான்.

திரை இடுக்கில் பார்த்தேன். அவர் ஒரு சின்னக் கறுப்புத் தட்டை எடுத்து வைத்தார். நீல ஸ்டாம்பை அதில் கவிழ்த்துப் போட்டு, சீசாவிலிருந்து நாலு சொட்டுப் பெட்ரோல் விட்டார். காகிதம் நனைந்ததும், நான் மூலையை ஒட்டிய இடம் கருங்கோடாகத் தெரிந்தது.

“ஐயா, எனக்கு வந்தப்பவே அப்படித்தாங்க...” என்று அண்ணன் ஆரம்பித்தான்.

“பணத்தைத் திருப்பிக் கேக்க வரலைங்க,” என்றார் அவர். “இத்தனை வருஷமா பாக்கறேன், என் கண்ணே ஏமாந்துபோச்சு. யாரு செஞ்சது?”

சத்தியமாகச் சொல்கிறேன், அந்த இடத்தில் எனக்குப் பயம் போய்ப் பெருமை வந்துவிட்டது. புத்தி கெட்டவள்.

“என்கிட்ட ஒருத்தர் இருந்தாரு,” என்றார் அவர். “நல்ல கை. ஆனா வெளிய நாலு பேர்கிட்ட பேசிட்டாரு. இப்ப இல்ல.”

குரலில் ஏற்ற இறக்கமே இல்லை. வாசலில் நின்றவன் ஷட்டரைப் பாதி இறக்கினான்.

“நான்தாங்க செஞ்சேன்,” என்றான் அண்ணன்.

அவன் வாயைத் திறந்தாலே பொய். எனக்காகச் சொன்ன பொய் அது ஒன்றுதான். ஓடிப்போய் அவனைக் கட்டிக்கொள்ளலாம் போலிருந்தது.

கையுறைக்காரர் சட்டைப்பையிலிருந்து ஒரு கிழிந்த ஸ்டாம்பையும் மெல்லிய பிளேடையும் எடுத்து வைத்தார். “செய்ங்க. பாக்கறேன்.”

அண்ணன் பிளேடை எடுத்தான். பிளேடு ஸ்டாம்பை விட்டுவிட்டு அவன் விரலைப் பதம் பார்த்தது. கையுறைக்காரர் வாசலைப் பார்த்துத் தலையசைக்க, அந்த ஆள் உள்ளே வந்து அண்ணனின் கையை மேசைமேல் வைத்து அழுத்தினான். “ஐயோ, வேணாங்க,” என்று அண்ணன் அலறினான்.

அதற்கு மேல் என்னால் திரைக்குப் பின்னால் நிற்க முடியவில்லை.

“அவனை விடுங்க, நான்தான் செஞ்சேன்,” என்றேன். “தள்ளுண்ணே.”

நாற்காலியில் உட்கார்ந்து வேலையை முடித்தேன். கையுறைக்காரர் லென்ஸை வைத்து முன்னும் பின்னும் பார்த்தார். பெருமூச்சு விட்டார்.

“உங்களுக்கு ஒரு ரூம் வெச்சிருக்கேம்மா,” என்றார் ரொம்ப அன்பாக. “பெரிய ஜன்னல், நல்ல வெளிச்சம். சாப்பாடு உள்ளயே வந்துரும். நீங்க வெளிய போக வேண்டிய அவசியமே இருக்காது. வண்டி நிக்குது.”

அண்ணனைப் பார்த்தேன். வரமாட்டாள் என்று ஒரு வார்த்தை அவன் சொன்னால் போதும், நான் அலறி ஊரைக் கூட்டிவிடுவேன். தனியாக எனக்குத் தைரியம் இல்லை.

அவன் விரலில் கைக்குட்டையைச் சுற்றிக்கொண்டிருந்தான். என் முகத்தைப் பார்க்காமல் அவரைப் பார்த்தான்.

“சம்பளத்த...” என்று இழுத்தான். “மாசாமாசம் என் கையில குடுத்துருவீங்கல்ல?”