படகில் வந்த வண்டிகள்

அலுவலகத்தில் அவளுக்கு ‘ஆனாலும்’ என்று பட்டப்பெயர். யார் எந்தத் திட்டத்தைக் கொண்டுவந்தாலும் முகம் மலரக் கேட்டுவிட்டு, “ஆனாலும்…” என்று ஆரம்பிப்பாள். அதற்குத்தான் சம்பளம். அரசும் ஒரு தனியார் நிறுவனமும் சேர்ந்து ஆற்றின் குறுக்கே பாலம் கட்டப்போகின்றன. அதில் எதெல்லாம் சொதப்பும், சொதப்பினால் நஷ்டம் யார் தலையில் விழும் என்று மதிப்பிடுவது அவள் வேலை.

இன்று ஒப்பந்தம் கையெழுத்தாகிறது. கட்டணம் வசூலிக்கும் பாலம். எதிர்பார்த்த அளவு வண்டிகள் வராவிட்டால் குறையை அரசே ஈடுகட்டும் என்று ஒரு ஷரத்து. ‘அந்த ஆபத்து குறைவு’ என்று அவள்தான் எழுதிக் கொடுத்திருந்தாள். இப்போது வண்டிகளை அக்கரைக்கு ஏற்றிச்செல்லும் படகுத்துறையில் எண்ணிப் பார்த்தபோது வண்டிகள் வரிசைகட்டி நின்றனவே!

காலையில் சாப்பிட உட்கார்ந்த கொழுந்தன் புலம்ப ஆரம்பித்தான். பாலத்துக்காக அந்தத் தனியார் நிறுவனம் அனுப்பிய மண் பரிசோதிக்கும் குழுவில் அவன் லாரி ஓட்டுகிறான்.

“அந்தப் படகுல ஏத்தி இறக்கியே என் இடுப்பு போச்சு, அண்ணி. துளை போடுறது அக்கரையில, குழாய் கிடக்கிறது இக்கரையில. டீசலுக்கு ஒரு நடை, சாப்பாட்டுக்கு ஒரு நடை. எங்க வண்டிங்களை விட்டா படகுல ஈ காக்கா கிடையாது.”

“எப்போலேருந்து?”

“போன மாசத்துலேருந்து. ஏன் இப்படி முழிக்கிறீங்க?”

வண்டிகளை எண்ணியதும் போன மாதம்தான். மண் பரிசோதனை, எண்ணிக்கை இரண்டும் ஒன்றாக முடியட்டும் என்று நாள் குறித்தவளே அவள்தான். பாலத்தில் போகப்போகிற வண்டிகள் என்று எண்ணியதெல்லாம் பாலம் கட்ட வந்த வண்டிகள்!

கூட்ட அறைக்குள் அவள் நுழைந்தபோது பேனாக்கள் மூடி திறந்து தயாராக இருந்தன.

“ஆனாலும்…” என்றாள்.

அரசுத் துறையின் தலைமைப் பொறியாளர் தலையில் கைவைத்துக்கொண்டார். “அம்மா தாயே, இன்னைக்குமா?”

“இன்னைக்கு விட்டா எப்பவும் சொல்ல முடியாது சார். தப்பு என்னோடது.” நடந்ததைச் சொன்னாள். வேலை போனாலும் போகட்டும் என்று மனதுக்குள் துணிந்துவிட்டாள்.

நிறுவன மேலாளர் விடவில்லை. “எண்ணினது எண்ணினதுதாங்க. வண்டி ஆத்தைத் தாண்டிச்சா இல்லையா?”

“தாண்டிச்சு. எல்லாம் உங்க வண்டி. பாலம் வந்தப்புறமும் தினம் இதே மாதிரி போய்வந்து கட்டணம் கட்டுறீங்களா? அப்போ ஷரத்து அப்படியே இருக்கட்டும்.”

முதலில் சிரித்தவர் தலைமைப் பொறியாளர். அப்புறம் மேலாளருக்கும் அடக்க முடியவில்லை.

“கையெழுத்துக்கு முன்னாடி வாயைத் திறந்தீங்க, தப்பிச்சீங்க” என்றார் பொறியாளர். “ஒப்பந்தம் இப்போதைக்கு நிக்கட்டும். மறுபடி எண்ணுங்க. இந்தத் தடவை துறையில நீங்களே போய் உட்காருங்க.”

“சரி சார். அதுவரைக்கும் இவங்க வண்டி எதுவும் ஆத்தைத் தாண்டக் கூடாது.”

மேலாளர் கைபேசியை எடுத்தார். “எல்லாரும் அக்கரையிலேயே இருங்கப்பா. ஆமா, சமையல்காரரையும் அங்கேயே வரச் சொல்லு. ஐயோ, வண்டியில வேணாம்யா! பாத்திரத்தைத் தலையில வச்சுக்கிட்டுப் படகுல ஏறச் சொல்லு!”