கடைசி நட்டை முடுக்கியவர்

பெங்களூரின் வடக்கு ஓரத்தில் இருந்த அந்தச் சிறு விமானப் பணிமனையில் ஒரு விதி மட்டும் எவருக்காகவும் தளர்த்தப்பட்டதில்லை. பறத்தலோடு தொடர்புடைய எந்தக் கருவியைப் பொருத்தினாலும், கடைசி நட்டை முடுக்கியவரே சோதனைப் பறப்பில் விமானியின் பக்கத்தில் உட்கார வேண்டும். தலைமைப் பொறியாளர் கோதண்டராமன் வகுத்த விதி அது. "நீ முடுக்கினதுல நீயே ஏறலைன்னா, வேற எவன் ஏறுவான்?" என்பது அதற்கு அவர் தரும் விளக்கம்.

மதியழகன் அங்கே பல ஆண்டுகள் வேலை பார்த்தும் ஒருமுறைகூடப் பறந்ததில்லை. கோலார் தங்கவயலில் அவனுடைய தந்தையும் பாட்டனும் சுரங்கத்தின் அடிவரை இறங்கிப் பொன் வெட்டியவர்கள். பாதாளத்துக்கு அஞ்சாத அந்தக் குடும்பம், ஏணியின் நான்காம் படிக்கு மேல் அஞ்சியது. ஆகவே மதியழகன் எல்லா வேலையையும் தானே குறையறச் செய்வான். கடைசி நட்டை மட்டும் சக பணியாளன் நோயலுக்கு விட்டுவிடுவான். நோயலுக்குப் பறப்பதென்றால் கொள்ளை ஆசை. ஏற்பாடு இருவருக்கும் இனித்தது.

அன்று இரண்டு இருக்கைகள் கொண்ட வெள்ளை விமானம் ஒன்று வந்திருந்தது. இறக்கை காற்றை எந்தக் கோணத்தில் எதிர்கொள்கிறது என்று காட்டும் கருவி அதில் ஏற்கெனவே இருந்தது. கோணம் எல்லையை மீறினால் இறக்கை தாங்கும் வலுவை இழந்துவிடும். ஆனால் இறக்கையின் பின்விளிம்பிலுள்ள ஃபிளாப் என்னும் பலகை கீழே இறங்கினால் அந்த எல்லையே மாறும். ஃபிளாப் எங்கே நிற்கிறது என்று கருவிக்குச் சொல்ல ஒரு சென்சார் தேவை. அதைப் பொருத்துவதே வேலை.

மதியழகன் சென்சாரைப் பொருத்தி, ஒயர்களைக் கட்டி முடித்தான். சென்சாரின் சிறு கையை ஃபிளாப்போடு சேர்க்கும் இணைப்புக் கம்பி மட்டும் பாக்கி.

"குரு, வா. உன் முகூர்த்தம் வந்துடுச்சு," என்று நோயலை அழைத்தான்.

நோயல் ஸ்பானரோடு வந்தான். "உங்க தாத்தா கயித்துல தொங்கிக்கினு கீழ போனாரு. நீ பெல்ட்டு போட்டுக்கினு மேல போவ மாட்டேங்கிற."

"கீழ போனா தரை இருக்கும். மேல இன்னா இருக்குது?"

நோயல் சிரித்தபடியே முடுக்கிவிட்டுத் தேநீர் குடிக்கப் போனான்.

மதியழகன் விசையை அழுத்தி ஃபிளாப்பை முழுவதும் இறக்கிப் பார்த்தான். பார்க்காமல் இருந்திருக்கலாம். சென்சாரின் கையும் இணைப்புக் கம்பியும் ஒரே நேர்கோட்டில் நின்றன. இன்னும் நூலளவு நகர்ந்தால் கை மறுபுறம் மடங்கிக்கொள்ளும். கருவி பொய் சொல்லும், அல்லது ஃபிளாப்பே சிக்கிக்கொள்ளும்.

"நோயல்! கம்பி நீளமா இருக்குது. வந்து சரி பண்ணு."

"தரையில வேலை செய்யுதில்ல? சும்னே பயப்படாத. ஏறப் போறது நான்தான?"

"அதுக்குத்தான் சொல்றேன்."

நோயல் முனகிக்கொண்டே வந்து கம்பியைக் குறைத்தான். இப்போது ஃபிளாப் மேலேறியபோது கை கோணிக்கொண்டது. மறுபடி நீட்டினான்; பழைய நேர்கோடு திரும்பி வந்தது.

"இதுக்கு மேல பிரம்மாவாலயும் ஆவாது குரு."

மதியழகனால் பொறுக்க முடியவில்லை. ஸ்பானரைப் பிடுங்கினான். கம்பியை அரைச் சுற்றுத் திருகி, கையைப் பக்குவமான கோணத்தில் நிறுத்தி, நட்டை முடுக்கினான். ஃபிளாப் ஏறியது, இறங்கியது. கை இரு புறமும் தாராளமாக அசைந்தது. கண்ணுக்கு நிறைவாக இருந்தது. அதன் பிறகே ஸ்பானர் யார் கையில் இருக்கிறது என்பது அவனுக்கு உறைத்தது.

"பலே," என்றார் பின்னால் நின்ற கோதண்டராமன். "ஹெட்செட்ட எடுத்துக்கோ."

"சார், நோயல் இன்னொரு தடவ முடுக்கட்டுமே…"

"தாராளமா. ஆனா அவன் முடுக்கினத நீ தொடாம விட்டுடுவியா?"

மதியழகன் நட்டைப் பார்த்தான், நோயலைப் பார்த்தான். ஹெட்செட்டை எடுத்துக்கொண்டான்.

விமானி பிரிசில்லா, பெங்களூர் ஜோகுபாளையத்துப் பெண், சிரித்த முகம். புறப்பட்ட சிறிது நேரத்தில், "அண்ணா, பெல்ட்ட புடிங்க. என் கைய விட்டுடுங்க, அது எனக்கு வேணும்," என்றாள்.

அவனுக்கு இருந்தது ஒரே வேலை: ஃபிளாப் இறங்கும்போது கருவியின் எல்லைக்கோடு இடம் மாறுகிறதா என்று பார்ப்பது.

"இறக்குறேன், பாத்துக்கோங்க."

மோட்டார் முனகியது, விமானம் வேகம் தளர்ந்தது.

"சரியா இருக்குதாண்ணா? ஓகேன்னா தரைக்குப் போயிடலாம்."

ஆமென்று ஒரு சொல் சொன்னால் போதும், தரை வந்துவிடும். மதியழகன் அந்தச் சொல்லை நாக்கு நுனிவரை கொண்டுவந்தான்.

"மேடம்."

"சொல்லுங்க."

"நான் கண்ண மூடிக்கினு இருந்தேன். மறுபடி ஏத்தி இறக்குங்க."

பிரிசில்லா வாய்விட்டுச் சிரித்தாள். "உயரம் கொறஞ்சுடுச்சு, அதுக்கு இன்னும் கொஞ்சம் மேல போவணுமே. பரவாயில்லையா?"

"போங்க," என்றான் மதியழகன். பெல்ட்டை விட்டு இரு கைகளையும் எடுத்து, இமைகளை விரல்களால் விரித்துப் பிடித்துக்கொண்டு, கருவியை நோக்கிக் குனிந்தான்.