நாற்பது நிமிடமும் நூற்றைம்பது நிமிடமும்

மோனிகாவுக்கு நான்கு நாளாக மலம் கழியவில்லை. வயிறு கல்லாக இருந்தது. கும்மிடிப்பூண்டியில் கார் உதிரிபாகத் தொழிற்சாலை ஒன்றில் அவளுக்குப் பேக்கிங் வேலை. மூன்று மாதமாக இதே தொல்லை. லீவு போட்டுவிட்டுத் திருவள்ளூரில் டாக்டர் பார்த்திபனைப் பார்த்தாள். அவர் மூச்சுப் பரிசோதனை எழுதிக் கொடுத்தார்.

வெறும் வயிற்றில் இனிப்பு மருந்து ஒன்றைக் குடித்துவிட்டு, கால் மணிக்கு ஒருதரம் குழாயில் ஊத வேண்டும். மருந்து பெருங்குடலுக்குப் போனதும் அங்கிருக்கும் கிருமிகள் அதைத் தின்று ஹைட்ரஜன் வாயுவை விடுமாம். அது மூச்சில் ஏறும் நேரத்தை வைத்துக் குடலின் வேகத்தைச் சொல்லிவிடலாமாம். லேபில் இருந்த சுப்பராயன் இப்படித்தான் விளக்கினார்.

மூன்று மணி நேரம் ஊதினாள்.

"நாப்பது நிமிசம்மா. உங்க குடலு செம ஸ்பீடு" என்றார் அவர்.

"இன்னா சார் சொல்றீங்க? நாலு நாளா வெளிக்கிப் போவல. ஸ்பீடா?"

"மிஷின் காட்டறதத்தான் நான் சொல்ல முடியும்."

டாக்டர் தாளைப் பார்த்துவிட்டு, "இன்னொரு தடவை எடுத்துடலாம்" என்றார்.

பத்து நாள் கழித்து மறுபடியும் லீவு, மறுபடியும் பட்டினி, மறுபடியும் ஊதல். இந்தமுறை நூற்றைம்பது நிமிடம்.

மோனிகா குழாயைக் கீழே வைத்தாள். "அதே வயிறு, அதே மருந்து, அதே மிஷின். எது சார் நிஜம்?"

சுப்பராயன் தயங்கினார். "போன தடவ மொத நாள் ராத்திரி இன்னா சாப்ட்டீங்க?"

"பட்டாணி குருமா."

"ஐயோ, அது சாப்டக்கூடாதே. அதுவே காத்த உண்டாக்கிடும்."

"இத முன்னாடியே சொல்றதுக்கு இன்னா சார்? ஒரே பேஜாரா போச்சு!"

இரண்டு தாள்களையும் டாக்டர் மேசையில் வைத்தாள். அவர் மூன்றாவது தடவை என்று ஆரம்பித்ததுமே எழுந்துவிட்டாள்.

"இனிமே ஊத மாட்டேன் சார். ரெண்டு தடவ மிஷினக் கேட்டீங்க. என்ன ஒரு தடவயாச்சும் கேட்டீங்களா?"

பார்த்திபன் பேனாவை மூடி வைத்தார்.

"உட்காருங்கம்மா. பட்டாணி சாப்பிடாம இருந்திருந்தாலும், ஒரே ஆளுக்கே இது நாளுக்கு நாள் மாறும். அதுவும் மருந்து பெருங்குடலுக்குப் போற வரைக்கும்தான் சொல்லும். உங்க தொல்லை அதுக்கு அப்புறம். நான் முதல்லயே கேட்டிருக்கணும். சொல்லுங்க."

அவள் சொன்னாள். விடிகாலை நாலேகாலுக்குக் கம்பெனி பஸ். ஆறு மணிக்கு ஷிப்ட். பாத்ரூம் போக வேண்டுமென்றால் லைன் லீடர் ஜெரால்டிடம் கைதூக்கிக் கேட்க வேண்டும். மாற்றாள் வந்தால்தான் விடுவார். அவரது லைனுக்கு மாற்றியதிலிருந்து, கேட்க வெட்கப்பட்டுக்கொண்டு தண்ணீரே குடிப்பதில்லை, வந்தாலும் அடக்கிக்கொள்வாள்.

"எத்தனை மாசமா?"

"மூணு மாசமா."

டாக்டர் தலையில் கைவைத்தார். மலம் இளக மருந்து தந்தார். கூடவே, அவள் கேட்டபோதெல்லாம் கழிப்பறைக்கு அனுப்ப வேண்டும் என்று தொழிற்சாலைக்கு ஒரு கடிதம்.

ஜெரால்ட் அதை இரண்டுமுறை படித்தார். "லெட்டர் வேறயா? எல்லாரும் இப்டி கெளம்பினா லைன் யாரு பாக்கறது?"

"நான் போய்ட்டு வர்ற வரைக்கும் நீங்க பாருங்க சார்" என்றாள் மோனிகா.

பக்கத்தில் நின்ற பெண்கள் சிரித்துவிட்டார்கள். ஜெரால்ட் முகத்தைத் திருப்பிக்கொண்டாரே தவிர, தடுக்கவில்லை. அந்த வாரமே இன்னும் இரண்டு பேர் கேட்காமலே பாத்ரூமுக்குப் போனார்கள். மோனிகாவின் வயிறு ஒழுங்குக்கு வர ஒரு மாதத்துக்கு மேல் ஆயிற்று.