டாக்டரம்மாவின் வண்டி

புருஷன் மாரப்பனை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கூட்டி வந்த மறுநாள், விடிந்ததும் சுகுணா வாசலுக்கு வந்து வண்டியைப் பார்த்தாள். பார்க்கவே கூச்சமாக இருந்தது.

வெள்ளை வண்டி என்று யாரும் சொல்ல மாட்டார்கள். சன்னல் வரைக்கும் செம்மண் அப்பிக் காய்ந்து கிடந்தது. பின்கதவில் பலாப்பால் கறுத்துப் பசைபோல ஒட்டியிருந்தது. உற்றுப் பார்த்தால் அதில் ஐந்து விரல்கூடத் தெரிந்தது. அது தன் கையா, கொழுந்தன் கையா என்று அவளுக்குத் தெரியவில்லை. அன்றைக்கு யார் எங்கே பிடித்தார்கள் என்று யாருக்கு ஞாபகம் இருக்கிறது?

அது கால்நடை டாக்டர் கோகிலாவின் சொந்த வண்டி. முன்னால் ஐந்து பேர் உட்காரலாம், பின்னால் திறந்த தொட்டி. சக்கரமே சுகுணாவின் இடுப்புக்கு வரும். கையை உயர்த்தி எம்பினாலும் கூரையின் நடு எட்டாது. அப்படி உயரமாக இருந்ததால்தான் அன்றைக்கு அது ஓடையைத் தாண்டியது.

ஆனி மாதச் சாரல் பிடித்திருந்த நாள் அது. மாரப்பன் பலா பறிக்க ஏறினான். ஒற்றை மூங்கில் ஏணி, ஈரம், கால் வழுக்கிவிட்டது. பாறைமேல் விழுந்தவன் எழவில்லை. மூச்சு இழுக்கும்போதெல்லாம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு ஒரு மாதிரி முனகினான். ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டார்கள். மலைமேல் செம்மேடு வரை வந்துவிடும், இவர்கள் இருக்கும் குண்டூர் நாட்டுப் பக்கம் ஓடை பெருகி ஓடுகிறதே, இக்கரைக்கு எப்படி வரும் என்று தெரியவில்லை.

கொழுந்தன் வேல்முருகன் ஓடினான். நாலு வீடு தள்ளி பெருமாயி வீட்டில் மாடு கன்று போட முடியாமல் தவிப்பதாகவும், டாக்டரம்மா வந்திருப்பதாகவும் அவனுக்குத் தெரியும். பின்னாலேயே சுகுணாவும் ஓடினாள். மாட்டுக் கொட்டகையில் கோகிலா மண்டியிட்டுக் கிடந்தாள். வலது கை தோள் வரை மாட்டுக்குள் இருந்தது. முகமெல்லாம் வியர்வை.

"அண்ணன் மரத்துலருந்து உழுந்துட்டானுங்க டாக்டரம்மா!"

கோகிலா தலையை மட்டும் திருப்பினாள். "வண்டி ஓட்டுவீங்களா?"

"நாமக்கல்ல லாரி ஓட்டுறனுங்க."

"என்னால இப்ப கையை எடுக்க முடியாது. சாவி என் இடது பாக்கெட்டுல இருக்கு. அக்கா, நீங்க எடுங்க. அசையாம படுக்க வெச்சுக் கூட்டிட்டுப் போங்க. சீக்கிரம்!"

சுகுணாதான் அந்தப் பாக்கெட்டுக்குள் கையை விட்டுச் சாவியை எடுத்தாள். நன்றி சொன்னாளா? இல்லை. சொல்லத் தோன்றவே இல்லை. ஓடி வந்துவிட்டாள்.

ஓடையில் தண்ணீர் கதவின் அடிப்பாகத்தைத் தொட்டது, உள்ளே வரவில்லை. கொண்டை ஊசி வளைவுகளில் வேல்முருகன் வண்டியைத் தொட்டில்போல இறக்கினான். விலா எலும்பு குத்தி நெஞ்சுக்குள் ரத்தம் கட்டியிருக்கிறது, இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் கஷ்டம் என்றார் நாமக்கல்லில் பார்த்த டாக்டர். குழாய் போட்டு எடுத்தார்கள். தோள்பட்டை எலும்புக்குக் கட்டுப் போட்டார்கள். வண்டியை யாரிடமாவது கொடுத்தனுப்பட்டுமா என்று வேல்முருகன் போனில் கேட்டபோது, "அவரோடயே திரும்பி வரட்டும். பஸ்ஸுல எப்படிப் படுக்க வெச்சுக் கூட்டிட்டு வருவீங்க?" என்று சொல்லிவிட்டாள் கோகிலா.

இன்றைக்கு மதியம் வந்து வண்டியை எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தாள்.

"செம்மேட்டுல வாட்டர் சர்வீஸ்ல விட்டா அரை அவருல பளிச்சுன்னு ஆக்கிருவாங்க அண்ணி," என்றான் வேல்முருகன், பல் குச்சியை மென்றுகொண்டே.

"வேண்டாஞ் சாமி. நம்ம ஊட்டு மனுசனத் தூக்கிட்டுப் போன வண்டி. நம்ம கையால கழுவோணும்."

"அப்ப நான் லாரி கழுவுறாப்ல கழுவியுடறேன்." அவன் தென்னந்துடைப்பத்தையும் துணி துவைக்கும் சோப்புத் தூளையும் எடுத்து வந்துவிட்டான். கூடவே பாத்திரம் தேய்க்கும் நார்.

சுகுணா அதையெல்லாம் ஏற இறங்கப் பார்த்தாள். "லாரிக்கு சரி. இது எவ்வளவு வழவழன்னு இருக்குது பாரு. நாரப் போட்டுத் தேச்சா என்ற ஊட்டு அலுமினியச் சட்டியாட்டம் ஆயிரும்."

வாசலில் நாற்காலி போட்டு, முதுகுக்குத் தலையணை வைத்து மாரப்பனை உட்கார வைத்திருந்தார்கள். வலது கை கழுத்தில் கட்டிய தூளியில் தொங்கியது. அவன் மெல்லச் சொன்னான்: "மண்ணு மேல துணிய வெச்சுத் தேய்க்கக் கூடாது. மண்ணுதான் கீறும். மொதல்ல தண்ணியவே உட்டு ஊற வையிங்க."

அது நியாயமாகப் பட்டது. சோப்புத் தூள் பெயின்டை மங்க வைக்கும் என்று வேல்முருகனும் ஒப்புக்கொண்டு, கடைக்குப் போய்த் தலைக்குப் போடும் ஷாம்பு ஒரு சரம் வாங்கி வந்தான். சுகுணா பெட்டியைத் திறந்து தன் பழைய பருத்திச் சேலை இரண்டை எடுத்தாள். துவைத்துத் துவைத்துப் பூப்போல ஆகிவிட்ட துணி. கிழித்துத் துண்டுகளாக்கினாள். ஒரு வாளியில் ஷாம்புத் தண்ணீர், இன்னொன்றில் வெறும் தண்ணீர். துணியில் பிடிக்கும் மண்ணை வெறும் தண்ணீரில் அலசிவிட்டுத்தான் மறுபடி ஷாம்பில் முக்க வேண்டும் என்று கொழுந்தனுக்குக் கண்டிப்பாகச் சொன்னாள். நாரைச் சக்கரத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டாள்.

தண்ணீருக்குப் பஞ்சமில்லை. மேலே ஊற்றிலிருந்து இழுத்துவிட்ட ஓஸ் பைப்பில் மோட்டார் இல்லாமலே தண்ணீர் சீறிக்கொண்டு வரும். பிரச்சனை கூரைதான்.

"மேலருந்து கழுவிட்டு வந்தாத்தான் அழுக்கு கீழ எறங்கும்," என்று சொல்லிக்கொண்டே வேல்முருகன் வீட்டுக்குப் பின்னால் போனான். திரும்பி வரும்போது தோளில் அந்த மூங்கில் ஏணி இருந்தது.

சுகுணாவின் கையிலிருந்த வாளி கீழே விழுந்தது. வேல்முருகனுக்கும் அப்போதுதான் உறைத்தது. ஏணியைப் பிடித்தபடி அப்படியே நின்றான்.

"கொண்டு போயிரு," என்றாள் சுகுணா. "ஆரும் ஏற வேண்டாம். கூர அழுக்கா இருந்தாலும் பரவால்ல."

அவன் ஏணியை எடுத்துக்கொண்டு போய்விட்டான். அவள் வாளியை நிமிர்த்தி வைத்துவிட்டு, கண்ணைத் துடைப்பது தெரியாமலிருக்க வண்டிக்கு மறுபக்கம் போய் நின்றாள். பிறகு ஒரு நீள மூங்கிலின் நுனியில் சேலைத் துண்டைச் சுற்றிக் கட்டி, கீழே நின்றபடி கூரையைத் துடைத்துப் பார்த்தாள். விளிம்பு மட்டும்தான் நனைந்தது. அழுக்குத் தண்ணீர் முழங்கை வழியாக ரவிக்கைக்குள் இறங்கியது.

"சுகுணா," என்று மாரப்பன் கூப்பிட்டான். "ஏறுனாத்தான கழுவ முடியும்னு பாக்கறீங்க. வண்டியக் கீழ எறக்குனா ஆகாதா?"

"என்னங்க சொல்றீங்க?"

"மேட்டுக்காட்டுக் கல்லுக்கட்டு இருக்குதில்ல? அதோரமா வண்டிய ஒட்டி நிறுத்தச் சொல்லு. காட்டுக்குள்ள நின்னா கூர உன்ற இடுப்புக்கு வரும்."

வீட்டுக்குப் பக்கவாட்டில் மலைச்சரிவை வெட்டிப் படிப்படியாகக் காடு திருத்தியிருந்தார்கள். மேல்படியில் மரவள்ளி. அதைத் தாங்கி நிற்கும் கல்கட்டு நெஞ்சு உயரம். வேல்முருகன் வண்டியைக் கிளப்பி, முன்னும் பின்னுமாக ஒடித்து, கல்லுக்கும் கண்ணாடிக்கும் ஒரு சாண் இடைவெளி விட்டு நிறுத்தினான். சுகுணா சுற்றிக்கொண்டு மேல்படிக்குப் போய் வரப்பில் நின்றாள். மாரப்பன் சொன்னது சரிதான். கூரை மொத்தமும் அடுப்புத் திட்டுபோலக் கைக்கு எட்டியது. சிரிப்பு வந்துவிட்டது அவளுக்கு. நாற்காலியில் இருந்தவனும் சிரித்தான், விலாவைப் பிடித்துக்கொண்டு.

அங்கிருந்து வேலை மளமளவென்று நடந்தது. மேலே அவள், கீழே கொழுந்தன். மண் ஊறி ஊறிச் சிவப்பாக வழிந்தது. பலாப்பாலுக்குத் தேங்காய் எண்ணெய்தான் என்பதில் மட்டும் யாருக்கும் சந்தேகம் இல்லை. பழம் அரியும்போது கையில் தடவுவதுதானே? முதலில் கதவின் கீழ் மூலையில் ஒரு சொட்டு வைத்து, பெயின்டுக்கு ஒன்றும் ஆகவில்லை என்று பார்த்துக்கொண்டு, பிறகு கறை முழுக்கத் தடவி ஊற விட்டாள். ஐந்து விரலும் மெல்ல இளகி, துணியோடு வந்துவிட்டன.

மண் போனதும்தான் அது தெரிந்தது. பின்தொட்டியின் பக்கவாட்டில் முழ நீளத்துக்கு ஒரு கீறல்.

"மூங்கில் புதர்ல உரசியிருக்கோணும்," என்றான் வேல்முருகன், முகம் வாடி. "இருட்டாட்டம் மழ. எனக்குத் தெரியவே இல்லீங்க அண்ணி." பிறகு எண்ணெய்க் கிண்ணத்தைப் பார்த்தான். "மேல எண்ணெயத் தடவியுட்டா இப்பத்திக்குத் தெரியாது."

"அவுங்க நமக்கு எப்படிக் குடுத்தாங்க? ஒரு வார்த்த கேக்காம குடுத்தாங்க. நான் சொல்லிக்கறேன், நீ உடு."

சொல்ல வேண்டிய நேரம் அவள் நினைத்ததைவிட முன்னாலேயே வந்துவிட்டது. சுகுணா மேல்படி வரப்பில் நுரையோடு நின்றுகொண்டிருந்தபோதே, ஒற்றையடிப் பாதையில் கோகிலா நடந்து வந்தாள். தோளில் மருந்துப் பை, சுடிதார் ஓரமெல்லாம் சேறு.

"பக்கத்துல ஒரு ஆட்டைப் பாக்க வந்தேன். அப்படியே வந்துட்டேன்," என்றவள் நேரே மாரப்பனிடம் போனாள். "மூச்சு விடும்போது வலிக்குதா? மாத்திரை ஒழுங்கா சாப்பிடுறீங்களா? நான் மாட்டு டாக்டர்தான், ஆனா இதெல்லாம் கேப்பேன்."

மாரப்பன் எழப் பார்த்தான். அவள் விடவில்லை. அவன் இடது கையை நெஞ்சில் வைத்துக்கொண்டான். கோகிலா தலையாட்டிவிட்டு வண்டிப் பக்கம் திரும்பினாள்.

சுகுணா நுரைக் கையோடு இறங்கி ஓடி வந்தாள். வேறு எதுவும் பேசுவதற்கு முன் கீறலைக் காட்டிவிட்டாள். "எங்களால ஆனதுங்க டாக்டரம்மா. போற அவசரத்துல பாக்கல."

கோகிலா குனிந்து விரலால் தடவினாள். "இதுவா? அந்தப் பக்கம் வாங்க." வண்டியைச் சுற்றிப் போய் முன் பம்பருக்குக் கீழே ஒரு நசுங்கலைக் காட்டினாள். "இது நான் வாங்கின முதல் மாசம், செம்மேடு சந்தையில ஒரு கல்லுல ஏத்தினது. இதைக் கழுவும்போது நீங்க பாத்திருப்பீங்களே?"

"பாத்தனுங்க. கேக்கக் கூடாதுன்னு இருந்துட்டேன்," என்றான் வேல்முருகன். எல்லோரும் சிரித்துவிட்டார்கள்.

கோகிலா மேல்படியைப் பார்த்தாள். "அக்கா, அங்க நின்னா கூரை தெரியுதா?"

"நல்லாத் தெரியுதுங்க."

"வாங்கினதுல இருந்து நான் அதைப் பாத்ததே இல்லை. எனக்கு எங்க எட்டுது?" செருப்பைக் கழற்றிப் போட்டு, துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு அவளும் வரப்பில் ஏறிவிட்டாள். "எனக்கும் ஒரு துணி குடுங்க."

"ஐயோ, நீங்க தொடக் கூடாதுங்க. உங்களுக்குச் செய்யறோமுன்னு நாங்க…"

"எனக்கும் செய்ய வேண்டியது இருக்கு." கோகிலா துணியை வாங்கி, சுகுணா சொல்லாமலே வெறும் தண்ணீரில் அலசி ஷாம்பில் முக்கினாள். கூரையைத் துடைக்கத் தொடங்கினாள். பிறகு சொன்னாள்: "நான் அரியலூர்க்காரி. இங்க வந்ததுல இருந்து வண்டியில வருவேன், ஊசி போடுவேன், போயிடுவேன். ஒரு வீட்டுலயும் உக்காந்ததில்லை. வண்டி இல்லாத இந்த நாளெல்லாம் நடந்தேன், யார் யார் பைக்லயோ போனேன். போற எடத்துல எல்லாம் உக்கார வெச்சு சோறு போட்டாங்க. பெருமாயியம்மா கன்னுக்குட்டியப் பாக்க வந்தவளை ராத்திரி தங்க வெச்சு, காலையில தினைப் பாயசம் குடுத்து அனுப்பினாங்க. உங்களால எனக்கு ஊர் கெடைச்சிருக்கு அக்கா."

சுகுணா துணியைக் கூரைமேல் வைத்துவிட்டு அவள் பக்கம் திரும்பினாள். "அன்னைக்கு உங்க பாக்கெட்டுல கைய உட்டு எடுத்துட்டு ஓடிட்டேன். ஒண்ணுமே சொல்லல," என்றாள். "அவரு உசுரோட உக்காந்திருக்காருங்க. நீங்க நல்லா இருக்கோணும்."

கோகிலா நுரைக் கையோடு அவள் கையைப் பிடித்து ஒரு அழுத்து அழுத்திவிட்டு, கூரையின் நடுப்பகுதிக்கு எட்டிக் குனிந்தாள்.

கடைசியாகத் தண்ணீரை மேலிருந்து மொத்தமாக விட்டார்கள். காயும் முன்பே உலர்ந்த துணியால் துடைத்தெடுத்தார்கள், புள்ளி விழக் கூடாதென்று. மேகம் விலகி ஒரு கீற்று வெயில் விழுந்தபோது வண்டி அப்போதுதான் கறந்த பால்போல நின்றது. கோகிலா அவர்களோடு உட்கார்ந்து சாமைச் சோறும் மொச்சைக் குழம்பும் சாப்பிட்டாள். இரண்டாம் முறை குழம்பு கேட்டு வாங்கினாள். அடுத்த மாதமும் கழுவ இங்கேதான் வருவேன் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினாள். கல்கட்டோரத்திலிருந்து வண்டியை எடுக்க வேல்முருகன் கைகாட்டிக்கொண்டே முன்னால் நடந்தான்.

வண்டிச் சத்தம் ஓடைப் பக்கம் போய் அடங்கியது. சுகுணா வாளிகளைக் கவிழ்த்துவிட்டு, நனைந்த சேலைத் துண்டுகளை அலசி எடுத்தாள். பெரிய துண்டு ஒன்று கனத்தது. ஒருத்தியாகப் பிழிய வரவில்லை.

"இங்க கொண்டா," என்றான் மாரப்பன்.

"உங்களுக்கு ஆகாதுங்க."

"ஒரு கை இருக்குதில்ல? நான் புடிச்சுக்கறேன். நீ முறுக்கு."

அவன் இடது கையில் ஒரு முனையைச் சுற்றிப் பிடித்துக்கொண்டான். அவள் மறுமுனையைப் பிடித்து மெதுவாக முறுக்கினாள், அவனுக்கு வலிக்கிறதா என்று முகத்தைப் பார்த்துக்கொண்டே. தண்ணீர் இருவருக்கும் நடுவே வாசலில் சொட்டியது.

"இன்னுங் கொஞ்சம் முறுக்கு," என்றான். "ஈரம் இருக்குது பாரு."