கொடியில் தொங்கிய கறுப்புப் பாவாடை

"அப்ப அவர் சாகலையா?"

"சாகல. அவருக்கென்ன, கல்லு மாதிரி இருக்காரு. செதுபால் ஊர்ல, முடி வெட்டற கடைக்கு மேல் மாடியில, அவளோட."

"அப்புறம் எதுக்குடி மூணு வாரமா கறுப்புப் பாவாடை காயப்போடறே?"

எர்மெலிந்தா கையிலிருந்த பையைப் படியில் வைத்தாள். "யாரு, நானா?"

"நீ இல்லாம நானா? தலையைத் தூக்கிப் பாரு." எதிர் வீட்டு பெலிஸ்மினா முகவாயால் மேலே காட்டினாள்.

அல்ஃபாமா பேட்டையின் அந்தச் சந்தில் எதிரெதிர் சன்னல்காரர்கள் கை நீட்டினால் உப்பு வாங்கிக்கொள்ளலாம். மூன்றாவது மாடியில் எர்மெலிந்தாவின் சன்னலுக்கு வெளியே கொடியில் ஒரு கறுப்புப் பாவாடை தொங்கியது. பக்கத்தில் ஒரு கறுப்புச் சால்வை. காலையில் அவள் போட்டுவிட்டுப் போன பூப்போட்ட தலையணை உறைகளை யாரோ கொடியின் ஓரத்துக்குத் தள்ளியிருந்தார்கள்.

"கேக்கக் கூடாதுன்னுதான் இருந்தேன்" என்றாள் பெலிஸ்மினா, குரலை இறக்கி. "விட்டுட்டுப் போன புருஷனுக்குத் துக்கம் காக்கறவகிட்ட என்னத்தைக் கேக்கறது? வர்ற ஞாயித்துக்கிழமை பூசைக்கு அவர் பேரைக் குடுத்துட்டேன். ஆத்மா இளைப்பாறணும்னு. ஃபாதர் எழுதிக்கிட்டாரு."

"உயிரோட இருக்கறவனுக்கா?"

"எனக்கென்ன தெரியும்? கொடி சொல்லிச்சு, நம்பினேன்."

அவளைக் குற்றம் சொல்ல முடியாது. அந்தச் சந்தில் யாரும் யார் வீட்டுச் செய்தியையும் வாய்விட்டுக் கேட்பதில்லை. கொடியைப் பார்த்தால் போதும். குட்டித் துணிகள் தொங்கினால் பிள்ளை பிறந்திருக்கிறது. கொடியில் ஆண் சட்டைகள் ஒருநாள் இல்லாமல் போனால் சண்டை. கறுப்பு வந்தால் சாவு. விளையாட்டுக்குக்கூட ஒருத்தியும் வெளியே கறுப்பைக் காயப்போட மாட்டாள்.

மீன்காரி இரண்டு மீனைக் கூடுதலாகப் போட்டுத் தந்தது, காப்பிக் கடையில் எழுந்து நாற்காலி கொடுத்தது, ரொட்டிக் கடைக்காரன் அவளைப் பார்த்ததும் தொப்பியைக் கழற்றியது எல்லாம் இப்போதுதான் எர்மெலிந்தாவுக்குப் புரிந்தது. முழங்கால் வலியைப் பார்த்து இரக்கப்படுகிறார்கள் என்றல்லவா நினைத்திருந்தாள். கோபத்தில் பையை வெடுக்கென்று எடுத்துக்கொண்டாள்.

திங்கள், புதன், வெள்ளி மூன்று நாளும் அவள் ஊரின் இன்னொரு பகுதியான லாப்பாவில் ஒரு பிரெஞ்சுத் தம்பதியின் வீட்டைச் சுத்தம் செய்யப் போவாள். எட்டு மணிக்குக் கிளம்பினால் திரும்ப இரண்டாகும், அப்போது கொடியில் கறுப்பு இருந்ததில்லை. இன்று அவர்கள் அவசரமாக ஊருக்குப் போய்விட்டதாகக் கதவில் சீட்டு ஒட்டியிருந்தது, அதனால் பத்தரைக்கே வந்துவிட்டாள். அவள் வீட்டுக்கு இன்னொரு சாவி ஒரே ஒருத்தியிடம்தான் இருந்தது. ஆற்றுக்கு அக்கரையில் குடியிருக்கும் மகள் வானியாவிடம்.

மாடிக்குப் போய்ப் பாவாடையையும் சால்வையையும் உருவி உள்ளே இழுத்தாள். பாவாடை காய்ந்து கிடந்தது. தண்ணீரையே பார்க்காத துணி. பழைய சாமான் சந்தையின் பாச்சை உருண்டை வாசனை இன்னும் போகவில்லை.

பத்தொன்பது வருஷத்துக்கு முன்னால் ஒரு வியாழக்கிழமை அவள் புருஷன் அபீலியு வேலைக்குப் போனவர் திரும்பவில்லை. எங்கே, யாரோடு என்று மூன்றாம் நாள் தெரிந்துவிட்டது. சந்துப் பெண்கள் கூடி வந்து உட்கார்ந்தார்கள். கறுப்பைக் கட்டிக்கொள், கடலில் போய்விட்டார் என்று சொல்லிவிடு, யாரும் தோண்ட மாட்டார்கள், உனக்கும் மரியாதை என்றார்கள். மறுநாள் காலை எர்மெலிந்தா இருப்பதிலேயே பளிச்சென்ற மஞ்சள் சட்டையைப் போட்டுக்கொண்டு கடைத்தெருவுக்குப் போனாள். விசாரித்தவர்களிடமெல்லாம், "புருஷன் ஓடிப்போயிட்டான். தக்காளி என்ன விலை?" என்று கேட்டாள். அவளிடம் சொத்தென்று வேறு எதுவும் இல்லை. அந்த ஒரு பதில்தான் இருந்தது.

கீழே சந்தில் நிறையக் காலடிகள் கேட்டன. சன்னல் கதவின் இடுக்கு வழியாகப் பார்த்தாள். மடக்கிய குடையைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தபடி வானியா. பின்னால் இருபது சுற்றுலாப் பயணிகள், வெயில் தொப்பியும் தண்ணீர்ப் புட்டியுமாக.

வானியா பிரெஞ்சில் பேசினாள். அம்மாவுக்குத் தெரிந்த பிரெஞ்சு சோப்புப் பேர்களோடு சரி என்பது அவள் நினைப்பு. எட்டு வருஷமாக லாப்பா வீட்டு அம்மாள் நாள் முழுக்கத் தொலைபேசியில் பேசுவதைத் தரை துடைத்தபடியே கேட்டவள் எர்மெலிந்தா. பதில் பேசியதில்லை, அவ்வளவுதான்.

இந்த மூன்றாவது மாடியில் ஒரு பெண் இருக்கிறாள் என்றாள் வானியா. அவள் கணவன் அபீலியு மீனவன். ஒரு ஜனவரி விடியலில் படகேறிப் போனான். மூன்று பகல் மூன்று இரவு அவள் இந்தச் சன்னலை விட்டு நகரவில்லை. கடல் அவனைத் திருப்பித் தரவில்லை. அன்றிலிருந்து அவள் கறுப்பைத் தவிர வேறு நிறம் உடுத்தியதில்லை. அதோ, அவளுடைய பாவாடை…

இருபது கைபேசிகள் மேலே உயர்ந்தன. கொடியில் பூப்போட்ட தலையணை உறைகள் மட்டும் ஆடிக்கொண்டிருந்தன.

வானியாவின் குரல் ஒரு நொடி தடுக்கியது. பிறகு, படம் எடுத்துக்கொள்ளுங்கள், பத்து நிமிஷத்தில் வருகிறேன் என்று அவர்களைக் குழாயடியில் நிறுத்திவிட்டுப் படியேறி ஓடி வந்தாள்.

"அம்மா, இந்நேரத்துக்கு வீட்டுல என்ன பண்றே?"

"புருஷன் செத்துட்டாரில்ல. அழுதுகிட்டு இருக்கேன்."

வானியா பாவாடையைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள். "கேட்டுட்டியா?"

"மீனவனாம். அக்கரைக்குப் போற படகுல ஏறினாலே வாந்தி எடுக்கற மனுஷன். அரைமணி சுத்தினாலும் பாலத்து மேல பஸ்லதான் போவாரு. லிஃப்ட் ரிப்பேர்காரனைக் கொண்டுபோய்க் கடல்ல தள்ளியிருக்கியே, வெக்கமா இல்ல?"

"அவங்க எவ்வளவு தூரத்துலேர்ந்து வர்றாங்க தெரியுமா? முடி வெட்டறவளோட ஓடின புருஷன் கதையைக் கேக்கவா வருவாங்க? அது அவங்க ஊர்லயே கெடைக்கும்மா. இந்தக் கதையைக் கேட்டு அழறாங்க. ஊருக்குப் போய் என் பேரைப் பாராட்டி எழுதறாங்க. அதனாலதான் வாரத்துல மூணு நாள் இந்தச் சந்துப் பக்கத்தை எனக்குன்னு ஒதுக்கியிருக்கு டூர் கம்பெனி. இல்லேன்னா என்னை எப்பவோ அனுப்பியிருப்பாங்க."

"அவரைக் கொல்றதுன்னா கொன்னுட்டுப் போ. நானே பலநாள் மனசுல கொன்னிருக்கேன். என்னை எதுக்குடி விதவையாக்கினே?"

"யாருக்கோ சொல்ற கதைதானேம்மா. நாளைக்கு ஏரோப்ளேன் ஏறிடுவாங்க."

"பெலிஸ்மினா ஏறுவாளா? மீன்காரி ஏறுவாளா? ஞாயித்துக்கிழமை கோயில்ல உங்கப்பா பேரைச் செத்தவங்க வரிசையில வாசிக்கப் போறாங்க. மூணு வாரமா இந்தச் சந்தே எனக்காகத் தொப்பியைக் கழட்டிட்டு நிக்குது. அன்னைக்குச் சொல்லாத பொய்யைக் கெழவி இன்னைக்குச் சொல்றான்னுதானே நாளைக்குச் சிரிப்பாங்க?"

வானியா இதை எதிர்பார்க்கவில்லை. இந்தச் சந்தில் பிறந்தவள்தான். ஆனால் அக்கரையில் துணியை எந்திரத்தில் உலர்த்தி உலர்த்திக் கொடியைப் படிக்க மறந்துவிட்டாள். நெற்றியைத் துடைத்துக்கொண்டாள். அடுத்துப் பேசியபோது குரலில் கெஞ்சல் போய்விட்டிருந்தது.

"நீ மஞ்சள் சட்டை போட்டுக்கிட்டுக் கடைக்குப் போனே. பெரிய வீரம். எனக்கு அப்ப ஒம்பது வயசு. பள்ளிக்கூடத்துல ஒருத்தி மிச்சமில்லாம கேட்டாளுங்க, உங்கப்பன் யாருகூட ஓடினான், இப்ப அவகிட்டதான் முடி வெட்டிக்கறானான்னு. நாலு நாள் கக்கூஸ்ல உக்காந்து அழுதேன். அஞ்சாவது நாள் கடல்ல போயிட்டாருன்னு சொன்னேன். கேலி நின்னுது. டீச்சர் மடியில உக்காரவச்சுத் தலையைத் தடவிக்குடுத்தாங்க. இது இவங்களுக்காக நான் கட்டின கதை இல்லம்மா."

எர்மெலிந்தாவுக்கு இது தெரியாது. பத்தொன்பது வருஷமாகத் தெரியாது. மகளைக் கட்டிக்கொள்ளலாமா என்று கூட ஒரு கணம் தோன்றியது. ஆனால் கோபம் இறங்கவில்லை. இருந்த இடத்திலிருந்து நகர்ந்து, இன்னும் உறுதியாகக் காலூன்றிக்கொண்டது.

"அப்ப உனக்கு ஒம்பது. இப்ப இருபத்தெட்டு" என்றாள். "வா கீழே."

"அம்மா, வேண்டாம்."

எர்மெலிந்தா ஏற்கனவே படியிறங்கிக்கொண்டிருந்தாள். முழங்கால் ஒவ்வொரு படியிலும் குத்தியது. குழாயடியில் காத்திருந்தவர்கள் அவளைக் கண்டதும் பேச்சை நிறுத்தினார்கள். மூன்றாவது மாடிப் பெண் இவள்தான் என்று யாரோ கிசுகிசுத்தார்கள். நெட்டையான ஒரு பெண்மணி கலங்கிய கண்ணோடு முன்னால் வந்து எர்மெலிந்தாவின் கையைத் தன் இரு கைகளுக்குள் வைத்து அழுத்தினாள். நீங்கள் எவ்வளவு தைரியசாலி என்றாள் பிரெஞ்சில். எர்மெலிந்தா பொறுமையாக ஒவ்வொரு விரலாகத் தன் கையை விடுவித்துக்கொண்டாள். அப்போதும் இரண்டு பேர் படம் எடுத்தார்கள்.

எதிர் வாசலில் பெலிஸ்மினா கைகளைக் கட்டிக்கொண்டு நின்றாள். அவளுக்குப் பின்னால் இன்னும் இரண்டு சன்னல்கள் திறந்தன.

வானியா மூச்சு வாங்க வந்து அம்மாவின் காதருகே குனிந்தாள். "இவங்க முன்னால ஒண்ணும் பேசாதே. என் வேலை போயிடும். இதோ கூட்டிட்டுப் போயிடறேன். சாயந்தரம் நீ எவ்வளவு வேணா திட்டு."

"நான் பேசல" என்றாள் எர்மெலிந்தா. குரலைத் தாழ்த்தவில்லை. "எனக்கு அவங்க பாஷை வரும். ஆனா நான் சொன்னா துக்கத்துல கெழவி உளர்றான்னு அதையும் படம் புடிப்பாங்க. நீ ஆரம்பிச்சது, நீயே சொல்லு வானியா. உங்கப்பா எங்க இருக்காருன்னு சொல்லு. மொதல்ல இவங்களுக்கு. அப்புறம் நம்ம பாஷையில, பெலிஸ்மினா காதுல விழற மாதிரி."