மகளின் விலாசம்

"யாருடா அவனை உள்ள விட்டது?"

"மெதுவாப் பேசுக்கா, கூடத்துல அத்தை, அக்கம்பக்கம் எல்லாரும்..."

"கேட்டதுக்குப் பதில் சொல்லு. யாரு?"

"...இருக்காங்க. விடறதுக்கு நான் என்ன வாட்ச்மேனா? கதவு திறந்து கெடக்கு. சாவு வீட்டுக் கதவை யாராவது சாத்துவாங்களா?"

"கதவு திறந்திருந்தா தெருவுல போறவங்க எல்லாருமா உள்ள வந்து நாற்காலி போடறாங்க?"

"நாற்காலி வாடகைக்குக் கொண்டு வந்ததே அவர்தான்க்கா."

"அதைத்தான் கேக்கறேன். அப்பா போனது ஆறு மணிக்கு. ஆறேகாலுக்கு நீ எனக்குச் சொன்னே. ரெண்டு பஸ் மாறி நான் வர ஒன்பதாச்சு. அவன் எட்டு மணிக்கே இங்க நாற்காலி போடறான்னா, யாரோ அவனுக்குச் சொல்லியிருக்கணும்."

"அப்பா மேல சத்தியமா நான் இல்ல."

"அப்பா மேல இனிமே யாரு வேணா சத்தியம் பண்ணலாம். அவருக்கு என்ன ஆயிடப்போகுது?"

தம்பிக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்தாற்போல் வந்து, இரண்டையும் சமையலறைச் சுவரைப் பார்த்து விழுங்கிக்கொண்டான். அவள் விடவில்லை. அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். பொய் சொல்கிற முகம் மாதிரி இல்லை. ஆனால் முகத்தை நம்பி ஏழு வருஷம் கெட்டவள் அவள்.

அவள் எங்கே இருக்கிறாள் என்பது இந்த உலகத்தில் மூன்று பேருக்குத்தான் தெரியும். அப்பா, அம்மா, தம்பி. தம்பி பெண்டாட்டிக்குக்கூடச் சொல்லவில்லை. புருஷன் வீட்டை விட்டு வந்து நான்கு வருஷம். முதல் ஒரு வருஷம் இந்த மூவருக்கும்கூடத் தெரியாது. பிறகு அவளாகத்தான் ஒரு நாள் அப்பாவுக்குப் போன் செய்து சொன்னாள். இன்று அந்த மூன்று பேரில் ஒருத்தர் கூடத்தில் வெள்ளைத் துணிக்கடியில் படுத்திருக்கிறார். மிச்சம் இரண்டு பேர். இரண்டு பேர் மேலும் அவளுக்குச் சந்தேகம். சாவைச் சொன்ன வாய் விலாசத்தையும் சொல்லியிருக்கலாம்.

சந்தேகம்தான் அவளுக்குச் சோறு போடுகிறது என்றும் சொல்லலாம். ஊருக்கு வெளியே எடை மேடையில் வேலை. கல்லும் மணலும் ஏற்றி வருகிற லாரிகளை இரும்புத் தகட்டின் மேல் நிறுத்தி எடை போட்டுச் சீட்டுக் கொடுக்க வேண்டும். எடையைக் குறைத்துக் காட்ட, ஓட்டுநர்கள் பின் சக்கரத்தைத் தகட்டுக்கு வெளியே அரையடி தள்ளி நிறுத்திவிட்டு, "வணக்கம் மேடம், சாப்டாச்சா?" என்று சிரிப்பார்கள். ரொம்பச் சிரிக்கிறவன் வண்டியை அவள் எழுந்து போய் ஒரு சுற்று சுற்றி வருவாள். சேர்ந்த புதிதில் "பின்னாடி எடுங்க" என்று சொல்லக் குரலே வராது. கண்ணாடிக்குள் உட்கார்ந்து வாயை மட்டும் அசைப்பாள். ஓட்டுநர்கள் காதில் கைவைத்துக் காட்டிக் கேலி செய்வார்கள். இப்போது அவள் குரல் கேட்டால் நாலாவதாக நிற்கிற வண்டிகூட ஒழுங்காக வரிசைக்கு வரும்.

கூடத்தில் அவன் ரொம்பச் சிரித்துக்கொண்டிருந்தான். சாவு வீட்டுக்கு எவ்வளவு சிரிக்கலாமோ அவ்வளவு. சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு, வந்தவர்களுக்குத் தண்ணீர், நாற்காலி, விசிறி. ஒரு கிழவருக்குச் செருப்பைக் கழற்றிவிடக் குனிந்தான்.

"பாரு, எப்படி ஓடி ஓடிச் செய்யறாரு," என்றாள் அத்தை. அப்பாவின் தங்கை, காலையிலிருந்து தலைமாட்டில் உட்கார்ந்திருப்பவள். "தங்கமான மாப்பிள்ளை. ஏதோ உங்களுக்குள்ள சின்னச் சின்னது..."

"சின்னதுதான் அத்தை," என்றாள் அவள். இடது கைச் சுண்டு விரல் அவளுக்கு மடங்காது. அந்தக் கையால் புடவைத் தலைப்பைச் சரி செய்துகொண்டாள்.

அலமாரி மேல் வைத்த தன் பையை எடுத்தாள். ஜிப்பை முழுக்க இழுத்துச் சாத்தித்தான் வைத்திருந்தாள். இப்போது ஒரு விரல் நுழைகிற அளவுக்குத் திறந்திருந்தது. உள்ளே தண்ணீர் பாட்டில், மூக்குக் கண்ணாடி, ஒரு மாத்திரை அட்டை. வேறொன்றும் இல்லை. வேலை அட்டையையும் பஸ் சீட்டையும் அவள் பையில் வைக்கிற வழக்கத்தை விட்டு நாளாயிற்று. பையை மறுபடி சாத்தி அதே இடத்தில் வைத்தாள். திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால், பார்த்தது தெரிந்துவிடும்.

கொல்லைப் பக்கம் தம்பி பெண்டாட்டி டம்ளர் கழுவிக்கொண்டிருந்தாள்.

"அண்ணி, ஒண்ணு சொல்லணும். திட்டக் கூடாது."

"திட்டற மாதிரி இருந்தா திட்டுவேன். சொல்லு."

"ஏழு மணிக்கு மாமா போன் அடிச்சுது." மாமா என்று அவள் சொன்னது மாமனாரை. "நான்தான் எடுத்தேன். கூடத்துல இருக்கற அவருதான், 'மாமா எழுந்துட்டாரா'ன்னு கேட்டாரு. எனக்கு அழுகை வந்துடுச்சு. சொல்லிட்டேன். ஒரு மணி நேரத்துல நாற்காலியோட வந்துட்டாரு."

"அவன் எதுக்கு அப்பாவுக்குப் போன் பண்றான்?"

"வியாழக்கிழமைன்னா பண்ணுவாரே அண்ணி. வாராவாரம். உங்களுக்குத் தெரியும்னுல்ல நெனச்சேன்."

"எவ்வளவு நாளா?"

"நான் இந்த வீட்டுக்கு வந்ததுலேருந்து."

"என்ன பேசுவாங்க?"

"யாருக்குத் தெரியும்? மாமா போனை எடுத்துக்கிட்டு மாடி ரூமுக்குப் போயிடுவாரு. கதவைச் சாத்திப்பாரு."

அவள் அப்பாவின் போனை வாங்கிப் பார்த்தாள். போன வியாழன், ஏழு மணி, பன்னிரண்டு நிமிஷம். அதற்கு முந்தின வியாழன், இருபது நிமிஷம். விரலால் தள்ளத் தள்ள வந்துகொண்டே இருந்தது.

கூடத்துக்கு வந்து அப்பாவின் காலடியில் உட்கார்ந்தாள். மோவாயில் சவரம் செய்யாத வெள்ளை மயிர். அப்பாவுக்குத் தாடி வளர்ந்து அவள் பார்த்ததில்லை. இந்த மனுஷனா? ஏன் இருக்கக் கூடாது? மூன்று தடவை அவள் அந்த வீட்டிலிருந்து ஓடி வந்தாள். மூன்று தடவையும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கூடவே போய் அந்த வாசலில் விட்டுவிட்டு வந்தது இவர்தான். "போம்மா. போகப் போகச் சரியாயிடும்." மூன்றாவது தடவை சுண்டு விரலில் கட்டு இருந்தது. அப்பா கட்டைப் பார்த்தார். பார்த்துவிட்டுப் பெட்டியை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டு நடந்தார். அதனால்தான் நான்காவது தடவை அவள் அப்பா வீட்டுக்கு வரவில்லை.

அந்த வீட்டில் ஏழு வருஷமும் அவளுக்கு மறதிக்காரி என்று பேர். கத்திரிக்கோலை அவனே எடுத்து ஒளித்து வைப்பான். "எங்க வெச்சேன்னு தெரியலையா? உனக்கு மூளை கலங்கிடுச்சும்மா," என்று தலையைத் தடவுவான். அடியைவிட அந்தத் தடவல்தான் அவளை ஆட்டி வைத்தது. அடுப்பை அணைத்தோமா என்று நாலு முறை போய்ப் பார்ப்பாள். தனியாக வந்த புதிதில், எந்தச் சோப்பு வாங்குவது என்று கடையில் அரை மணி நேரம் நின்றிருக்கிறாள். எது பிடிக்கும் என்பதே மறந்து போயிருந்தது. ஒவ்வொன்றாகத் திரும்பக் கற்றுக்கொண்டாள். சோப்பு, பஸ், வங்கிப் படிவம், பின்னாடி எடுங்க. நான்கு வருஷம். அதைத்தான் இவர் வியாழக்கிழமை வியாழக்கிழமை மாடியில் கதவைச் சாத்திக்கொண்டு தூக்கிக் கொடுத்தாரா?

கொடுத்திருந்தால் அவன் வந்திருப்பானே என்று ஒரு மனசு சொன்னது. அவன் காத்திருக்கத் தெரிந்தவன் என்றது இன்னொன்று.

இரண்டு மணிக்குப் பக்கத்து வீட்டுக்காரர் எழுதும் அட்டையில் செருகிய ஒரு படிவத்தோடு வந்தார். ஓய்வு பெற்ற குமாஸ்தா. காகிதத்தைக் கண்டால்தான் அவருக்குத் துக்கம் விசாரிக்கவே வரும்.

"மூணு மணிக்கு வண்டி. போற இடத்துல இதைக் குடுத்தாத்தான் உள்ள விடுவான். யாராவது எழுதுங்கப்பா."

"குடுங்க சார், நான் எழுதறேன்," என்று அவன் அட்டையை வாங்கித் தொடை மேல் வைத்துக்கொண்டான். "அத்தை, மாமாவுக்கு என்ன வயசு?" என்று மாமியாரைக் கேட்டான்.

"எழுபத்தி மூணு," என்றாள் அம்மா. காலையிலிருந்து யார் எதைக் கேட்டாலும் அம்மா பதில் சொல்லிக்கொண்டிருந்தாள். யாராவது கேட்டுக்கொண்டே இருந்தால் போதும் என்பது மாதிரி.

"காரணம், நெஞ்சு வலி. எழுதிட்டேன். பிள்ளைங்க... மகன் ஒண்ணு. விலாசம் இதே வீடு. மகள் ஒண்ணு." பேனாவை நிறுத்தினான். காப்பிக்குச் சர்க்கரை போதுமா என்று கேட்கிற குரலில் கேட்டான். "மகள் விலாசம்?"

அம்மா மூக்கைத் துடைத்துக்கொண்டு, "அது வந்து மாப்ளே, அந்த..." என்று ஆரம்பித்தாள்.

"அம்மா."

அம்மா வாயை மூடிக்கொண்டாள்.

"பேனாவைக் குடுங்க," என்றாள் அவள்.

"உனக்கு எதுக்கும்மா சிரமம்? நீ உக்காந்து அழு. எழுதற வேலையை நாங்க பாத்துக்கறோம்."

"ஆமாண்டி, மாப்பிள்ளை எழுதட்டுமே," என்றாள் அத்தை. "அவருக்குக் கையெழுத்து முத்து முத்தா இருக்கும்."

"எழுதிக்கிட்டே அழ எனக்குத் தெரியும் அத்தை. குடுங்க."

கையை நீட்டினாள். மடங்காத விரல் இருக்கிற கை. வேண்டுமென்றே நீட்டியதல்ல, அந்தக் கைதான் பக்கத்தில் இருந்தது. அவன் அந்த விரலைப் பார்த்தான். கூடத்தில் நாலைந்து பேர் அவன் எதைப் பார்க்கிறான் என்று பார்த்தார்கள். பேனாவைக் கொடுத்தான். அட்டையை மட்டும் இறுக்கிப் பிடித்திருந்தான். அவள் கையை எடுக்கவில்லை. அட்டையும் வந்தது.

சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்து எழுதினாள். எழுதி முடித்துக் காகிதத்தை நாலாக மடித்தாள்.

"மடிக்கக் கூடாதும்மா அதை," என்றார் குமாஸ்தா.

"மடிச்சாச்சு சார். போற இடத்துல நானே குடுத்துக்கறேன்."

முகம் கழுவக் கொல்லைக் குழாய்க்குப் போனாள். அவன் பின்னாலேயே வந்தான். இங்கே சிரிப்பு இல்லை.

"நாலு பேர் முன்னாடி என்னைக் கேவலப்படுத்திட்டே. நான் என்ன கேட்டேன்? எம் பொண்டாட்டி இருக்கற எடம். உங்கப்பன்கிட்டயும் மூணு வருஷமா வாராவாரம் அதைத்தான் கேட்டேன். தண்ணி வரலைம்பாரு, முட்டி வலிம்பாரு, எதிர் வீட்டு நாய் குட்டி போட்ட கதையைக் கால் மணி நேரம் சொல்லுவாரு. விலாசம்னு ஆரம்பிச்சா மட்டும், 'எங்கியோ எழுதி வெச்சேன் மாப்ளே, தேடி வெக்கறேன், அடுத்த வாரம் கூப்பிடுங்க.' இதோ, இன்னிக்கும் கூப்பிட்டேன். மறதி முத்திப் போச்சு கெழவனுக்கு. மூளையே கலங்கிடுச்சு."

அவள் குழாயைத் திறந்தாள். தண்ணீர் நன்றாகத்தான் வந்தது.

"அப்படியா," என்றாள்.

போன மாதம் அப்பா எடை மேடைக்கு வந்திருந்தார். சொல்லாமல் கொள்ளாமல், வெயிலில். "ரெண்டு பஸ் மாறி, மூணாவது ஸ்டாப், பெட்ரோல் பங்குக்குப் பின்னால நீல கேட்டு. வழியில ஒருத்தரையும் கேக்கலை தெரியுமா!" என்று பெருமை அடித்துக்கொண்டார். லாரி இல்லாத நேரமாகப் பார்த்து இரும்புத் தகட்டின் நடுவில் போய் நின்று, "என் எடை எவ்வளவு?" என்றார். பத்துப் பத்தாகத்தான் காட்டும் அந்த மெஷின். ஐம்பது என்றது, அறுபது என்றது, மறுபடி ஐம்பது என்றது.

"முடிவா ஒண்ணு சொல்லும்மா."

"இது லாரிக்கான மெஷின்ப்பா. உங்களை மாதிரி ஆளை அதுக்குத் தெரியாது."

"தெரியாமலே இருக்கட்டும்," என்று சிரித்துக்கொண்டே இறங்கி வந்தார்.

குழாயை மூடிவிட்டுத் தலைப்பால் முகத்தைத் துடைத்தாள். கொஞ்ச நேரம் தலைப்பை முகத்திலிருந்து எடுக்கவில்லை. எடுத்தபோது அவன் இன்னும் நின்றுகொண்டிருந்தான். அவனைச் சுற்றிக்கொண்டு உள்ளே போனாள்.

மூன்று மணிக்கு வண்டி வந்தது. அப்பாவை ஏற்றினார்கள். பக்கத்தில் இரண்டு பேர் உட்காரப் பலகை இருந்தது. தம்பி ஏறி உட்கார்ந்தான். அவள் புருஷன் ஒரு காலைப் படியில் வைத்துக்கொண்டு, "நானும் மச்சானும் கூடப் போறோம். பொம்பளைங்க எல்லாம் பின்னாடி கார்ல வந்துடுங்க," என்றான்.

"காலை எடுங்க," என்றாள் அவள்.

சத்தமாகச் சொல்லவில்லை. ஆனால் தெருக்கோடியில் நின்றவர்களும் திரும்பினார்கள்.

"மாப்பிள்ளை போகட்டுமேடி, துணைக்கு..." என்றாள் அத்தை.

"இல்ல அத்தை," என்றான் தம்பி வண்டிக்குள்ளிருந்து. யாரையும் பார்க்காமல், பலகையில் தள்ளி உட்கார்ந்தான். "அக்கா ஏறட்டும்."

கால் படியிலிருந்து இறங்கியது. அவள் ஏறினாள். அப்பாவின் காலிலிருந்து துணி விலகியிருந்தது. இழுத்து இரண்டு பாதத்தையும் மூடி, நழுவாமல் ஓரத்தை அடியில் செருகினாள். மடித்த காகிதம் கையிலேயே இருந்தது. அதை இன்னும் ஒரு மடிப்பு மடித்தாள்.

என்ஜின் போட்டதும் வண்டி குலுங்கியது. பின் கதவைச் சாத்துகிற சாக்கில் அவன் தலையை உள்ளே நீட்டினான். யாருக்கும் கேட்காத குரலில், கிட்டத்தட்டக் கெஞ்சுகிற மாதிரி, கேட்டான்:

"இதெல்லாம் முடிஞ்சதும் சாயங்காலம் நீ எங்க போவே? அதை மட்டுமாவது சொல்லிட்டுப் போயேன்."