ஒரு பக்கம் மட்டும் சத்தம்

எங்கள் வீட்டில் எனக்கு 'ஏன்' என்றுதான் பட்டப்பெயர். வைத்தவர் அக்கா வீட்டுக்காரர். ஊருக்கெல்லாம் கண்ணாடி மாட்டிவிட்ட அந்த மனுஷனுக்கே போன வருஷம் பார்வை போய்விட்டது. கடையை இப்போது நான் பார்த்துக்கொள்கிறேன். ஃபிரேம் பழுது மட்டும் மாமாதான். விரலால் தடவியே திருகாணியை முடுக்கிவிடுவார்.

வீட்டுக்கும் கடைக்கும் நடுவே ஒரே ஒரு சாலை, ஆனால் லாரிகள் பறக்கும் சாலை. கையைப் பிடித்து அழைத்து வந்தால் அவருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். "நான் என்ன பார்சலா?" என்று ஒருநாள் என் கையை உதறினார். அதன்பிறகு கடைக்கே வரவில்லை, ஜன்னலோரம் சும்மா உட்கார்ந்துவிட்டார். அக்கா கடைக்குப் போன் செய்து அழுதாள். எனக்கும் தாங்கவில்லை.

பச்சை விழுந்தால் டிக் டிக்கென்று சத்தம் போடும் சிக்னலைக் கண் ஆஸ்பத்திரி வாசலில் பார்த்திருக்கிறேன். இங்கே ஏன் வைக்கக்கூடாது? கவுன்சிலரிடம் போனேன். நடைபாதையும் கம்பமும்தான் நகராட்சியுடையது என்றார். வண்டிகளை நிறுத்துவது போலீஸ், அது மாநில அரசு. சாலையோ தேசிய நெடுஞ்சாலை, மத்திய அரசு. "தார் மேல ஒரு கோடு போடணும்னாலும் அவங்களைத்தான் கேக்கணும்மா."

வேறொருத்தியாக இருந்தால் தலையில் அடித்துக்கொண்டு திரும்பியிருப்பாள். எனக்கோ ஆவல் கூடிவிட்டது. தினமும் மூன்று அரசாங்கங்களைத் தாண்டியா கடைக்குப் போகிறேன்?

எம்.எல்.ஏ. மூலம் போலீஸ் சம்மதித்தது. சாலைதான் மசியவில்லை. எம்.பி.யைப் பிடித்தேன். சபையில் கேள்வியாகப் போட்டால் அமைச்சர் பதில் சொல்லியே ஆக வேண்டும் என்றார். ஏன் என்று கேட்டேன். சபையின் நம்பிக்கை இருக்கும்வரைதான் அமைச்சருக்கு நாற்காலி என்று பொறுமையாக விளக்கினார். கேள்வி கேட்டதற்கே திட்டு வாங்கி வளர்ந்தவள் நான். பதில் சொல்லியே தீர வேண்டிய ஓர் இடம் நாட்டில் இருக்கிறது என்றதும் எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

அன்று டி.வி.யில் அமைச்சர் எழுந்து எங்கள் சாலையின் பெயரைச் சொல்லி அனுமதி உண்டு என்றார். ஜன்னலோரத்திலிருந்து மாமாவின் குரல் வந்தது: "உன் வியாதி அங்கேயும் பரவிடுச்சா?"

சிக்னல் வந்தது. விளக்கு இரண்டு பக்கமும் எரிந்தது. சத்தம் மட்டும் வீட்டுப் பக்கம்தான். கவுன்சிலரிடம் ஓடினேன். நடுக்கோட்டோடு நகராட்சி எல்லை முடிகிறதாம். கடைப் பக்கம் பக்கத்து ஊர் பஞ்சாயத்து. சத்தப் பெட்டிக்கு அவர்களைத் தனியாகக் கேட்க வேண்டுமாம். சாண் ஏறினால் முழம் சறுக்கியது.

ஆனாலும் மறுநாள் காலை மாமா தனியாகவே கடைக்குள் வந்து நின்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. நாள் முழுக்க வேலையில் மனம் ஒட்டவில்லை. சாயங்காலம் இந்தப் பக்கம் சத்தமில்லாமல் எப்படித் திரும்புவார்? மறுபடி யாராவது கையைப் பிடித்தால் நாளைக்கு வரமாட்டாரே.

அவர் கிளம்பியதும் ஓசைப்படாமல் பின்னால் போனேன். எதிரே அக்கா வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். மாமா ஓரத்தில் நின்றார். லாரிகள் நின்றதும், எதிர்ப்பக்கத்திலிருந்து லேசாக டிக் டிக். தலையைச் சாய்த்துக் கேட்டவர், அந்தச் சத்தத்தைப் பார்த்து நூல் பிடித்தாற்போல் நடந்து, நேரே அக்காவின் முன்னால் போய் நின்றார்.

"பின்னாடி நீ வர்றது தெரியும்," என்றார் என்னிடம். "இப்ப சத்தம் முன்னாடி இருந்து கூப்பிட்டுச்சு, நேரா வந்தேன். காலையில முதுகுக்குப் பின்னாடி கேட்டுச்சு. பாதி தூரத்துல கோணிக்கிட்டுப் போய் நம்ம கடைக்குப் பக்கத்து பேக்கரிப் படியில இடிச்சுக்கிட்டேன்."

முழங்காலைத் தடவிக்கொண்டார். முகத்தில் வலியே இல்லை.

"அந்த பஞ்சாயத்து ஆபீஸ் எத்தனை மணிக்குத் திறப்பாங்க? நானும் வரேன். அந்தப் பக்கம் மட்டும் ஏன் இல்லைன்னு நானே கேக்கறேன்."